கசிவு நின்ற பிறகு

குளியலறைச் சுவரோரக் குழாயின் இணைப்பு கசிந்ததும், கூடம் நனையக் கூடாதென்று, தானே இயங்கிப் பேசும் அந்தக் கணினி வீடு குளியலறைக் கதவையும் மற்றக் குழாய்களையும் பூட்டிக்கொண்டது. உள்ளே, பார்வையில்லாத அபரஞ்சி. விரலால் தடவி மரையில் டேப் சுற்றி, ஸ்பேனரால் இறுக்கினாள். சொட்டுச் சத்தம் நின்றது.

"சரிபண்ணியாச்சு, கதவைத் திற."

"நன்றி. கதவைத் திறக்க, திரையில் தெரியும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்," என்றது வீடு.

"எனக்குக் கண்ணு தெரியாதே!"

"திரையில் தெரியும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்."

வெளியே தங்கை சௌந்தரம் கதவைத் தட்டினாள். "அக்கா, கம்பெனி ஆள் நாளைக்குத்தான் வருவானாம்."

"அதுவரைக்கும் நான் வாளியோட குடித்தனம் நடத்தணுமா?"

"தண்ணி முட்டி வரைக்கும் ஏறினா ஆபத்துன்னு அதுவே திறந்துடுமாம். உன்னை யாருக்கா இவ்ளோ நல்லா வேலை செய்யச் சொன்னது?"

அபரஞ்சி கொடியில் கிடந்த துண்டை உருவினாள்.

"கூடத்துப் பாயைச் சுருட்டிக் கட்டில் மேல போடுடி," என்றாள்.

பிறகு துண்டைச் சுருட்டி, தண்ணீர் வெளியேறும் துளையில் அழுத்தி அடைத்தாள். ஸ்பேனரை எடுத்து, தான் இறுக்கிய இணைப்பை எதிர்ப்பக்கமாகத் திருகத் தொடங்கினாள்.