அறைக்குச் சொந்தம்

அட்டையில் அவளுடைய அம்மா இருந்தாள்.

பெயர் இல்லை, ஊர் இல்லை. ‘பள்ளிக்கூடச் சத்துணவு. சமைப்பது ஒருத்தி, சமைத்ததாக ஊர் நினைப்பது இன்னொருத்தியை. மூன்றாம் எபிசோடின் முடிவு’ என்று ஸ்ரீவத்சன் சார் தன் கையால் எழுதிச் சுவரில் குத்தியிருந்தார். டிவி தொடருக்கு அவர்தான் தலைமை எழுத்தாளர். பயிற்சி கொடுத்தவரும் அவரே.

மற்றவர்கள் கை தட்டினார்கள்.

அவளும் தட்டினாள். தட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். பயிற்சியின் முதல் நாள் வட்டமாக உட்கார வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். தொடர் எழுத இதுவரை யாரும் கூப்பிடாத சனங்களிடமிருந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பிள்ளைகள். ஒவ்வொருவராக அழுதுகொண்டே சொன்னார்கள். அவளும் சொல்லித் தொலைத்தாள்.

சாரும் சொன்னார். கல்லூரியில் ஒரு தடவை பிட் அடித்தாராம்.

அது எந்த அட்டைக்கும் வரவில்லை.

அம்மா சத்துணவு மையத்தில் சமையலர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளையும் தட்டைத் தொடவில்லை. காலனிக்காரி கை பட்ட சோறு என்று தாய்மார்கள் வாசலில் வந்து நின்றார்கள். அமைப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் சமைப்பது உதவியாளர் லோகநாயகி, இவள் பாத்திரம் கழுவ மட்டும்தான் என்று ஊருக்குச் சொன்னார். லோகநாயகி ஊர்த்தெருக்காரி. அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மா சமைக்கிறாள். சாப்பாட்டு மணி அடித்ததும் பின்பக்கம் போய்விடுவாள். லோகநாயகி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பிள்ளைகள் மறுசோறு கேட்டுச் சாப்பிடுகிறார்கள். லோகநாயகி கைமணம் யாருக்கு வரும் என்று ஊரே மெச்சுகிறது.

“எவ பேரு இருந்தா என்னடி, புள்ளைவோ வயிறு ரொம்புதுல்ல” என்பாள் அம்மா. “என் சாம்பாரத் தின்னு வளந்த பயதான் இன்னைக்கி ஊராச்சித் தலைவரு.”

மகள் டிவிக்குக் கதை எழுதப் போயிருக்கிறாள் என்பதையும் அவளே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த எபிசோட் வந்தால் போதும். ஊர் ஒன்றும் முட்டாள் இல்லை. மறுநாளே தட்டுகள் கவிழும், அம்மா வேலையை இழந்து வீட்டில் உட்காருவாள்.

“சார், இது வேணாமே.”

“வேணாம்னு இந்த ரூம்ல யாரும் சொல்லக் கூடாதும்மா. முதல் நாளே சொன்னேன்ல? இங்க சொன்னதெல்லாம் ரூமுக்குச் சொந்தம். ஒண்ணை எடுக்கணும்னா அதைவிட நல்லதா ஒண்ணு வைக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நல்லதாக அவளிடம் நிறைய இருந்தன. வங்கியைக் கொள்ளையடிக்கப் போய், வரிசையில் நின்று கடனுக்கு மனுப் போட்டுவிட்டு வரும் திருடர்கள். பேய்களுக்கு ரேஷன் கார்டு வாங்கித் தரும் தாசில்தார். தனியாக உட்கார்ந்து, தானே சிரித்துச் சிரித்து யோசித்தவை. சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கற்பனை எங்களுக்கு வரும்மா, உங்ககிட்ட இருக்கறது நிஜம், அதை விட்டுடாதீங்க என்பார்.

நிஜம் வேண்டுமாம்.



“எங்க சித்தி ஒருத்தங்க இருந்தாங்க சார்.”

அவளுக்குச் சித்தி கிடையாது. அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சித்திக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். ஊர்த்தெருவில் ஓட்ட வைத்தாள். ஊர்க்காரர்களை விட்டுச் சைக்கிளைக் கொளுத்தினாள். சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. கருகிய சைக்கிளைச் சித்தி தினமும் அதே தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். டயர் இல்லை, சீட் இல்லை. இரும்பு தரையில் உரசும் சத்தம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

“மணி மட்டும் புதுசா வாங்கி மாட்டியிருந்தாங்க சார். அதை அடிச்சு வழி கேட்டுக்கிட்டே போவாங்க.”

யாரோ விசும்பினார்கள்.

அந்த மணி ஒரு நொடிக்கு முன்னால் உலகத்தில் இல்லை. சொல்லும்போது வந்தது. அவள் யோசித்ததில் முதன்முதலாக ஒன்று சுவருக்குப் போகிறது, அதை நான்தான் யோசித்தேன் என்று வாய் திறக்க முடியாது. அழுகை வந்தது. அவளுடைய தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

“இதையெல்லாம் யாராலயும் கற்பனை பண்ண முடியாது” என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தியை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

“செத்துப் போயிட்டாங்க சார்.”

வேறென்ன சொல்ல?

சார் எழுந்தார். அம்மாவின் அட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கிழிப்பார் என்று பார்த்தாள். சுவரின் ஓரத்தில், ‘அடுத்த சீசன்’ என்று ஒட்டியிருந்த தாளுக்குக் கீழே குத்திவிட்டு வந்தார்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிப்போம்.”

நின்றார்கள். பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக அந்த அறை மனமாரத் தலை குனிந்தது.

அவளும் குனிந்தாள்.

அடுத்த சீசனுக்கு ஒரு தாய்மாமன் வேண்டும். அவரை எப்படிச் சாகடிப்பது என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.