மூடிக்குள் இல்லாதது

மூன்று வருடத்துக்கு முன் சொல்லாமல் போன கணவனின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து அவள் சாவியைத் திருப்புகிறாள். மெக்கானிக் மாட்டிய புது பேட்டரியில் இன்ஜின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. சாயங்காலம் வண்டியை வாங்க ஆள் வருகிறார். தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "வண்டி மேல தப்பே இல்லம்மா. உள்ள சுத்துற ரோட்டாரையே காணோம். அது இல்லாம பிளக்குக்குக் கரெண்ட் போகாது. வேற யாரும் ஓட்டிடக் கூடாதுன்னு கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிருக்காரு. திரும்பி வர்ற நெனப்பு இருக்கறவர்தான் அப்படிச் செய்வாரு. புதுசு எங்கிட்டயே இருக்கு, மாட்டிடவா?" அவள் விரல்கள் சாவியை விடவில்லை. "வேணாம்ணே," என்கிறாள். "மூடியப் போட்டுடுங்க. வாங்க வர்றவர்கிட்ட வண்டி கிளம்பலன்னு சொல்லிக்கறேன்."