மூன்று பேருக்கு ஒரு குழாய்

"வீட்டில எத்தனை பேர் அக்கா?"

"மூண்டு பேர்," என்றார் ஜெகதீஸ்வரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கழிவுநீர்த் திட்ட எஞ்சினியர் வரதராசா முற்றத்துக் கொடியைப் பார்த்தார். ஒன்பது சாறம் காய்ந்துகொண்டிருந்தது.

"அது எல்லாம் என்ர மனுசன்ர சாறம் தம்பி."

"அவர் எங்கை?"

"கனடாவில."

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்க இதே கதைதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு. வடக்கில் சண்டை; வீட்டுக்கு வீடு யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் வந்து நிறைந்திருந்தார்கள். பொலிஸ் பதிவில் மட்டும் எங்கேயும் மூன்று பேர், நாலு பேர். பதியப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

வரதராசாவுக்குத் தலையிடி. புதைக்கப்போவது முப்பது வருடத்துக்கான குழாய். சண்டை எப்போது முடியும், இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு இருக்கிற தொகையையாவது உள்ளபடி சொல்லக்கூடாதா இந்த மனுசி?

"குழாய் சின்னனாப் போனால் எல்லாம் திரும்பி உங்கட குசினிக்குள்ளதான் வரும் அக்கா."

"வரட்டும் தம்பி. பொலிஸ் வாறதுக்கு அது பரவாயில்லை."

வரதராசா படிவத்தில் 'மூன்று' என்றே எழுதினார். பக்கத்தில், ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் என்ற கட்டத்தில், கை கூசாமல் அறுநூறு லீற்றர் என்று போட்டார். வழக்கமான கணக்கு நூற்றைம்பதுதான்.

ஒழுங்கை முழுவதற்கும் இப்படியே எழுதி முடித்த மறுநாள் பிரதம எஞ்சினியர் ரத்னசிறி கூப்பிட்டார். மகா கண்டிப்பான மனிதர். படிவங்களைப் புரட்டிக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்.

"பொலிஸ் பதிவோட ஒத்துப் பார்த்தீரா?"

"ஓம் சேர். அதே தொகைதான்."

"அப்ப ஏன் அறுநூறு லீற்றர்?"

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் நிற்கும்.

"தமிழாக்கள்தானே சேர். கோயில், விரதம்... நாளுக்கு நாலு தரம் குளிப்பினம்."

ரத்னசிறி பேனையை எடுத்து அறுநூறைக் குறுக்கே வெட்டினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் வரதராசா.

வெட்டிய இடத்தில் எண்ணூறு என்று எழுதி ஒப்பமும் வைத்தார் ரத்னசிறி.

"அறுநூறு காணாது. எண்பத்து மூண்டு கலவரத்தில எங்கட வீட்டிலயும் கணக்குக்கு ஆக்கள் நாலு பேர்தான். வெளிக்கதவைப் பூட்டி வைச்சு, மூண்டு கிழமை, உம்மட தமிழாக்கள் பதினாறு பேர் ஒளிச்சிருந்து எங்கட கிணத்திலதான் குளிச்சவை."