ராஜா வேஷம்

அலெக்சாந்திரியாவில், பெண் கேட்டு வந்தவர்களின் தேநீர் ஆறிப்போயிற்று. பெண்ணின் அப்பா வஜ்தி தன் பல்கலைக்கழக நாடகப் பெருமையை விடுவதாக இல்லை.

"எனக்கு ராஜா வேஷம், மாப்பிள்ளை! ஒரு வரி மறந்ததில்ல. மத்தவனெல்லாம் மேடைக்கு அடியில, பெட்டிக்குள்ள உட்கார்ந்து அடியெடுத்துக் கொடுக்குற ஆளை நம்பிக் கிடந்தானுங்க."

"கடைசி வசனத்தைச் சொல்லுங்களேன் மாமா!"

வஜ்தி எழுந்து கையை உயர்த்தினார். "என் கிரீடத்தைக் கேட்டவர்களே..." அதற்குமேல் வரவில்லை.

"என் தனிமையையும் எடுத்துப் போங்கள்," என்று கிசுகிசுத்தாள் மாப்பிள்ளையின் தாய் நாதிரா.

வஜ்திக்குச் சுருக்கென்றது. அன்று வரிக்கு வரி அவர் காலடியிலிருந்து வந்த அதே குரல்! ஒருநாளும் அவர் குனிந்து பார்க்காத முகம்.

"உட்காருங்க சம்மந்தி," என்றாள் நாதிரா. "அன்னைக்கு மாதிரியே கால் நடுங்குது."