கட்டிலுக்கடியில் ஒரு கச்சேரி

அந்த இசைத்தட்டில் இருந்தது வயலினா, புல்லாங்குழலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது. என் நினைவையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் அழாத குறையாக வந்து நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

“பழைய இசைத்தட்டுக் கடையில அது ஒண்ணுதான் சார் இருந்துச்சு. நான் போறதுக்குள்ள எவனோ தூக்கிட்டான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாவி எனக்கு முன்னாடி போயிடறான்!”

“கிடைச்சிருந்தா மட்டும் எங்க வெச்சிருப்பீங்க?”

“வழக்கம்போல உங்க கட்டிலுக்கடியிலதான். இன்னொரு தட்டு வீட்டுக்குள்ள வந்தா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு என் பொண்டாட்டி சொல்லியிருக்காளே. சொன்னா செய்யறவ சார்.”

கையிலிருந்த வேறு இரண்டு தட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். என் மனைவி சமையலறையிலிருந்து முறைத்தாள்.

பிறகு தையல்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அவர் போயிட்டாராண்ணா?” என்று துணிப்பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். “இதையும் உங்க பீரோவுக்குப் பின்னால வெச்சுடுங்க. கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, ஓடிப்போய் எடுத்துட்டேன்! அவரை வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு நானே வாங்கறது தெரிஞ்சா, என் மானம் போயிடும்.”

அவர்கள் இன்றும் சண்டை சச்சரவில்லாமல் வாழ்கிறார்கள். வீட்டில் இடமும் தாராளமாக இருக்கிறது.

என் மனைவிதான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.