சனிக்கிழமை டயர்

"போன கிழமைதானே பார்த்தனி? திரும்பவும் விளக்கு எரியுது. உனக்கு வேலை தெரியுமோ, தெரியாதோ?"

டயர் கடை வாசலிலேயே சத்தம் போட்டார் விநாசித்தம்பி. முப்பது வருஷம் தலைமைக் கிளார்க்காக இருந்த குரல், ஓய்வு பெற்றும் இறங்கவில்லை.

கடைக்காரர் சுப்பையாவுக்கு மட்டும் கோபமே வருவதில்லை.

"உக்காருங்க சார். ஒரு மணி நேரம் ஆகும் லா."

மகன் வாங்கிக் கொடுத்த ஜப்பான் கார். டயரில் காற்றுக் குறைந்தால் உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். தொண்ணூற்றெட்டில் பினாங்குக்கு அது புதுசு. அதை அணைப்பது லேசுப்பட்ட வேலையில்லை என்று சுப்பையா சொல்லியிருந்தார்.

உண்மையில், காற்றை இறக்குவதே விநாசித்தம்பிதான். சனிக்கிழமை காலையில் இடுப்பு வலிக்கக் குனிந்து, ஒரு டயரிலிருந்து கொஞ்சம் இறக்கிவிடுவார். வெட்கங்கெட்ட வேலை என்று அவருக்கே தெரியும்.

வேறு என்ன செய்வது? கடைக்கு எதிர்வீடு மகள் அருந்ததியுடையது. நாலு வருஷத்துக்கு முன்னால், தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்துப் பையன் ஜெயராஜைக் கட்டிக்கொண்டாள். "யாழ்ப்பாணத்து ஆக்களுக்குள்ள மாப்பிள்ளை இல்லையோ?" என்று குதித்தார். "உன்ர வாசலை மிதிக்க மாட்டன்" என்றும் சொல்லிவிட்டார்.

வாசலைத்தானே மிதிக்கக் கூடாது? டயர் கடைக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லையே.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்படியும் பேத்தி வெளியே வந்து மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவாள். அவள் பெயர்கூட மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தரம் தூக்கிவிட மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

ஜெயராஜ் மட்டும் கண்ணில் பட்டதேயில்லை.

"லீவு நாளிலையும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஊர் சுத்துறான். நான் அப்பவே சொன்னன்" என்று வாராவாரம் சுப்பையாவிடம் பொருமுவார்.

அடுத்த சனிக்கிழமை சுப்பையா இல்லை. கல்யாணத்துக்காக சுங்கை பாக்காப் ஊருக்குப் போயிருந்தார். அவர் மனைவி ருக்குமணிதான் காற்றடித்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ அழுத்தினாள். விளக்கு அணைந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சு சார்."

விநாசித்தம்பி தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை.

"என்ன பிள்ளை, உன்ர மனுசன் ஒரு மணித்தியாலம் எடுப்பாரே?"

"ஒரு பட்டன அழுத்த எதுக்கு சார் ஒரு மணி நேரம்?" என்று சிரித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மறந்தே போயிட்டேன். ஜெயராஜ் தம்பி அத்தன தடவ சொல்லியிருந்தாரு."

"ஆர், ஜெயராஜோ?"

"ஆமா சார். உங்க கார் வந்தா மெதுவா வேலை பாருங்கன்னு அவருதான் சொல்லி வெச்சாரு. அவரப் பாத்துட்டா நீங்க கார எடுத்துட்டுப் போயிருவீங்களாம். அதான் சனிக்கிழமையானா பாசார் கடைத்தெருப் பக்கம் போயி சும்மா உக்காந்திருப்பாரு, பாவம். நீங்க கெளம்புன பெறகுதான் வீட்டுக்கு வருவாரு."

விநாசித்தம்பி நீட்டிய கையில் ருக்குமணி கார் சாவியை வைத்தாள். அவர் காரில் ஏறவில்லை. போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மருமகனுக்கு ஆள் அனுப்பு, பிள்ளை. அவர் வரும்வரைக்கும் நான் இஞ்ச இருக்கலாமோ?"