அம்மா கொண்டுவந்த எண்கள்

இரண்டு பேருக்கு நடுவே சேதி கொண்டுபோகும் ஆள் ஒட்டுக்கேட்கக்கூட வேண்டாம், இவரிடம் அவராகவும் அவரிடம் இவராகவும் நடித்தால் போதும், இரண்டு சாவியும் அவர் கைக்கு வந்துவிடும் என்று பேராசிரியர் சொன்னபோது, கடைசி பெஞ்சில் எனக்குத் தூக்கம் கலைந்தது.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அக்கா. அப்போது நான் பள்ளியில், அவள் கல்லூரியில்.

ஆளுக்கொரு எண்ணை மனதில் ஒளித்துக்கொள்ள வேண்டும். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் ஊருக்கே கேட்கும்படி கத்தலாம். கேட்டவருக்கு ஒன்றும் பிடிபடாது. எங்கள் இருவருக்கு மட்டும் ஒரே ரகசிய எண் கிடைக்கும். அதுதான் சாவி.

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கியபடி அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர்தான். ஆனாலும் ஒட்டுக்கேட்டுப் பயனில்லை என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

பிறகு ஒருநாள், அக்காவின் ப்ராஜெக்ட் இருந்த பென்டிரைவ் அவள் ஜீன்ஸோடு சேர்ந்து வாஷிங்மெஷினில் சுற்றியது.

பாக்கெட்டில் விட்டது அவள். மெஷினில் போட்டது நான். ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

வேலை கிடைத்து அவள் வெளியூர் கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. இப்படியே போய்விடுவாளோ என்று அவள் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். ஆனால் அம்மா காதில் விழ மன்னிப்புக் கேட்பதா? மானப் பிரச்சினை.

அன்று மாலை அம்மா என் அறைக்கு வந்தாள்.

“உங்கக்கா பதினெட்டுன்னு சொல்லச் சொன்னா. என்ன கண்றாவியோ! பதிலுக்கு ஒரு நம்பர் குடு, அடுப்புல வேலை கெடக்கு.”

அக்காவின் பழைய சாவிக் கணக்கு! மனதில் ஓர் எண்ணை ஒளித்துக் கணக்குப் போட்டு, பத்தொன்பது என்றேன்.

சற்று நேரத்தில் ஐந்து எண்களை ஒப்பித்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றிலும் சாவியைக் கழித்து, ஏ ஒன்று, பி இரண்டு என்று எழுத்தாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘ஸாரி’.

அக்காவே இறங்கி வந்தாளே என்று ஆறு வருடமாகப் பெருந்தன்மையோடு வாழ்ந்து வருகிறேன்.

பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். அன்று முதலில் ஸாரி கேட்டது நீதானே?

“நானா? நீதானடா அம்மாகிட்ட நம்பர் சொல்லி அனுப்பி ஸாரி கேட்ட! சரி, பொழச்சுப் போன்னு விட்டேன்.”

ஆக, அன்று எங்கள் வீட்டில் பிள்ளைகள் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பேருந்து நிலையம்வரை அக்காவின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என் தலைமுடியைக் கலைத்துக்கொண்டே வந்தாள்.

அம்மா கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தாள்.